உரை மருந்தும் கக்கும் பிள்ளையும்: கொங்கு நாட்டின் ஒரு குழந்தை வளர்ப்பு வழக்கம்

கொங்கு நாட்டில் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் உரை மருந்து தனி ஒரு மருந்தின் பெயரல்ல. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சித்தரத்தை, அதிமதுரம், பெருங்காயம் என ஏழெட்டுச் சரக்குகளைச் சிறு கல்லில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு உரைத்து, அந்தக் குழம்பை வழித்துச் சங்கில் புகட்டும் முறைக்கே அந்தப் பெயர். சரக்குகளை முதலில் சோறு வேகும் பானையில் போட்டு வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். வசம்பை மட்டும் விளக்குத் தீயில் சுட்டுக் கரியாக்கி உரைப்பதுண்டு. அளவுக்குத் தராசு கிடையாது. பிறந்து ஒரு மாதமான பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் ஓர் உரை, மூன்று மாதமானால் இரண்டு உரை என்று கல்லில் இழுக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. வீட்டுக்கு வீடு சரக்கு கூடும், குறையும். வசம்பு இல்லாத உரை மருந்து மட்டும் அநேகமாகக் கிடையாது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடாது என்பதால் பேர் சொல்லா மருந்து என்றும் கடையில் கேட்பார்கள்.

எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் வரும் பதில்கள் மூன்று நான்கைத் தாண்டுவதில்லை: பால் செரிக்க, வயிற்று உப்புசம் தணிய, சளி கட்டாமலிருக்க, எதுக்களிப்பு நிற்க. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் தாய்மாரை அதிகம் கலங்க வைத்தது. குடித்த பாலைக் குழந்தை தோளிலேயே கக்கிவிடுவதும், திரிந்த பால் கடைவாயில் வழிவதும், புளித்த வாடை அடிப்பதும் எல்லா வீட்டிலும் காண்பவை. கக்கின பிள்ளை தக்கும் என்ற பழமொழி ஒருபுறம் ஆறுதல் சொன்னாலும், மறுபுறம் கல்லும் வசம்பும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தன.

சரக்குகள் வந்த வழியைப் பார்த்தால் இந்த வழக்கம் எவ்வளவு பெரிய வணிகத்தின் மேல் நின்றது என்று தெரியும். கடுக்காய் கொங்கின் எல்லை மலைகளிலேயே கிடைத்தது. கொல்லிமலை, சேர்வராயன் மலை, ஆனைமலைப் பகுதிகளிலிருந்து சந்தைக்கு இறங்கியது. சுக்கு மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் அந்த இடைவெளிதான் சேர நாட்டுத் துறைமுகங்களையும் கொங்கையும் நெடுங்காலம் இணைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த தொல்பொருள்களும், கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோமானியக் காசுகளும் அந்தப் போக்குவரத்தின் பழமைக்குச் சான்று. ஓக் மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் வீங்கி உருவாகும் மாசிக்காய் துருக்கி, பாரசீகப் பக்கத்துச் சரக்கு. அதிமதுரமும் மேற்கு, நடு ஆசியாவிலிருந்து வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தது. ஜாதிக்காயோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளை விட்டால் வேறெங்கும் பெருமளவில் விளையாத பொருள். காங்கேயத்துக் காட்டுத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் சங்கில் பாண்டா தீவும் பாரசீகமும் கரைந்திருந்தன. கோவையில் பெரிய கடைவீதி, ராஜ வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகள் இந்தச் சரக்குகளைத் தனித்தனியாகவும், சிறு பொட்டலத்தில் ஒரு தொகுப்பாகவும் விற்றன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம் என்பதால் உரைக்கிற கை பெரும்பாலும் அம்மிச்சியின், அதாவது தாயைப் பெற்றவளின் கை. பிரசவம் பார்க்க வந்தவர் மருத்துவச்சி. கொங்குக் கிராமங்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்கள் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் அதே குடும்பத்து ஆணுக்கு இருந்தது. வாழ்வின் நுழைவாயில் இரண்டிலும் ஒரே வீட்டார் நின்றார்கள். கூலி தானியமாகக் களத்திலேயே அளக்கப்பட்டது. 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலர் பிரெண்டா பெக், சாதிகளுக்கிடையிலான இந்தப் பணி உறவுகளை 1972இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். சூடு, குளிர்ச்சி என்ற கருத்து தென்னிந்தியச் சடங்குகளில் எப்படி ஓடுகிறது என்று 1969இல் தனிக் கட்டுரையே எழுதினார். குழந்தை வைத்தியத்துக்கும் அதே கருத்துத்தான் அடிப்படை. தாய் சாப்பிட்டது பாலில் இறங்கும். அவளுக்குச் சூடானால் பிள்ளைக்கும் சூடு. குளிர்ச்சியானதைத் தின்றால் பிள்ளைக்கு மாந்தம். அதனால் பிள்ளை கக்கினால் முதல் பத்தியம் தாய்க்குத்தான் விழுந்தது.

சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்ற நூல் உண்டு. மாந்தம், கணம், தோடம் என்று நோய்களைப் பிரித்து, அவற்றுக்குள்ளும் பல வகைகளைச் சொல்லும் மரபு அது. ஊர்ப் பாட்டிகளின் வகைப்பாடு இவ்வளவு நுணுக்கமானதல்ல. அவர்களுக்கு மாந்தம், தோஷம், உரம், குடலேற்றம், தொக்கம் என்ற ஐந்தாறு பெயர்கள் போதும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கைவைத்தியம் இருந்தது.

அவற்றில் உரம் விழுதல் கவனிக்கத்தக்கது. தூக்கும்போது வீரிட்டு அழுது, கழுத்தை ஒருபக்கம் திருப்பி, முதுகை வில்லாக வளைக்கும் குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். சேலையில் படுக்கவைத்து இருபுறமும் பிடித்து உருட்டி அதை எடுப்பார்கள்; முறத்தில் போட்டுப் புடைப்பது போல அசைப்பதும் உண்டு. மருத்துவ நூல்களில் சாண்டிஃபர் நோய்த்தொகுதி என்று ஒன்று 1964இல் விவரிக்கப்பட்டது. இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறும் வேதனையில் குழந்தை கழுத்தை முறுக்கி முதுகை வளைப்பதே அதன் அடையாளம். உரம் என்று சொல்லப்பட்ட எல்லாமே அதுவாக இருந்திருக்காது. தூக்கிய விதத்தில் வந்த சாதாரணச் சுளுக்கும் அதில் அடங்கியிருக்கும். ஆனாலும் பால் குடித்ததும் உரம் விழும் பிள்ளைகளில் சிலரிடமாவது இந்த அமிலத் தொல்லை இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. பாட்டிகளின் கண் கூர்மையானது. காரணத்தைத்தான் அவர்கள் எலும்பிலும் நரம்பிலும் தேடினார்கள்.

தொக்கம் எடுத்தல் சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை வட்டாரங்களில் இன்றும் பலகை வைத்து நடக்கும் தொழில். சாப்பிட்டது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் பிள்ளை தின்பதில்லை, வாந்தி எடுக்கிறது, இளைக்கிறது என்பது நம்பிக்கை. எடுப்பவர் குழந்தையின் வயிற்றை நீவி, ஊதியோ உறிஞ்சியோ, உள்ளே சிக்கியிருந்தது என்று ஒரு துணுக்கைக் காட்டுவார். காட்டிய பொருள் உண்மையில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கூட்டம் குறையவில்லை.

இவற்றைவிடத் தீங்கானது எண்ணெய் புகட்டல். கொங்கின் மானாவாரிக் காடுகளில் ஆமணக்கு விளைந்ததால் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. குடலைக் கழுவ மாதம் ஒருமுறை அதைக் கொடுப்பதும், குளிக்க வார்க்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும் வழக்கமாயின. கக்கும் குழந்தையை மல்லாக்கப் பிடித்து எண்ணெயை ஊற்றினால் அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் போகும். எண்ணெய் நுரையீரலில் தங்கி உண்டாக்கும் அழற்சி தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்படுவது பற்றி 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலேயே கட்டுரை வந்தது.

உரை கல்லுக்குப் போட்டியாக வந்தது கண்ணாடி பாட்டில். அதற்கு வழிவிட்டது ஆலை வேலை. 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தின் முயற்சியால் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கிடைத்ததும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. ரீலிங் போன்ற பிரிவுகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து எட்டுச் சரக்கை உரைக்க நேரமில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. திட்டம் தமிழகத்தில் முதலில் தொடங்கியது கோவையில், 1955இல். ஆலைத் தொழிலாளியின் பிள்ளை டாக்டரையும் கம்பவுண்டரையும் பார்க்கும் காலம் அங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

அந்தப் பாட்டிலில் வந்த கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது. சதகுப்பை எண்ணெய், சமையல் சோடா, சர்க்கரை, தண்ணீர், அதோடு சாராயம் 3.6 சதவீதம்: பழைய சேர்மானம் இவ்வளவுதான். சோடா அமிலத்தைச் சற்று நேரம் முறிக்கும். சர்க்கரையும் சாராயமும் அழுகையை நிறுத்தும். இந்தியாவில் இதைப் பரப்பியது 1928இல் சென்னையில் தொடங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிறுவனம். பாட்டியின் பாட்டி வரை ஒருவர் மற்றவருக்கு இதையே சிபாரிசு செய்வதாகக் காட்டும் தொலைக்காட்சி விளம்பரம், உரை மருந்து நின்ற இடத்தில் பாட்டிலை நிறுத்திய சாமர்த்தியமான வேலை. பாரம்பரியம் என்ற தகுதியை ஓர் ஆங்கிலேய மருந்துக்கு அது வாங்கிக் கொடுத்தது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் சாராயம் நீக்கப்பட்டது. இன்றைய இந்தியத் தயாரிப்பிலும் அது இல்லை. உள்ளூரில் இதற்கு இணை ஓம வாட்டர். பெயரிலேயே பாதி ஆங்கிலம் கலந்த அந்தச் சரக்கு மளிகைக் கடை வரை போய்ச் சேர்ந்தது.

குழந்தை மருத்துவம் தனித் துறையாகத் தமிழகத்தில் வேரூன்றியது 1940களின் இறுதியில், சென்னை எழும்பூரில் எஸ்.டி. ஆச்சார் போன்றோரின் உழைப்பால். கொங்கில் அதற்கு முன்பே மிஷன் மருத்துவமனைகள் இருந்தன. ஈரோட்டில் லண்டன் மிஷன் தொடங்கியதே இன்றைய சி.எஸ்.ஐ. மருத்துவமனை. கோவையில் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952இலும், அரசு மருத்துவக் கல்லூரி 1966இலும், பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி 1985இலும் வந்தன. ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகள் மருத்துவமனை கட்டியது இந்த ஊரின் தனி இயல்பு. மறுபக்கம், 1943இல் பி.வி. ராமவாரியர் நிறுவிய ஆர்ய வைத்திய பார்மசி ஆயுர்வேதத்தை நவீன ஆலை முறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே கோவைத் தாய்க்கு வைத்தியம் எதிரெதிரான இரண்டு கட்சிகளாகத் தோன்றவில்லை. காலையில் டாக்டர் எழுதிய சொட்டு மருந்தும் மாலையில் அம்மிச்சியின் உரையும் ஒரே பிள்ளைக்குப் போயின.

இதற்கிடையே மேற்கில் கக்கலைப் பற்றிய அறிவு தெளிவடைந்தது. 1947இல் அமெரிக்காவில் நியூஹவுசர், பெரன்பெர்க் இருவரும் உணவுக்குழாயின் கீழ் முனைத் தசை தளர்வாக இருப்பதே குழந்தைகளின் வாந்திக்கு ஒரு காரணம் என்று காட்டினார்கள். பச்சைக் குழந்தையின் உணவு முழுதும் திரவம், எந்நேரமும் படுக்கை, இரைப்பை சிறியது, அதன் வாயிலைக் காக்கும் தசை அடிக்கடி தானாகவே திறந்துகொள்ளும். அதனால் பால் மேலேறுகிறது. 1990களில் சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஒருமுறையாவது கக்கும் குழந்தைகள் நான்காம் மாதத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும், பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் நூற்றுக்கு ஐந்தாகவும் இருந்தார்கள். உட்காரப் பழகி, கெட்டியான உணவு உண்ணத் தொடங்கியதும் தொல்லை அடங்கிவிடுகிறது.

உரை மருந்தின் புகழ் எப்படி வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம். முதல் மாதத்தில் ஓர் உரையில் தொடங்கி, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழ ஒரு வயதில் கல்லை எடுத்து வைப்பார்கள். கக்கல் நிற்கும் காலமும் அதுவே. மருந்து கொடுத்ததால் நின்றதா, தானாக நின்றதா என்று பிரித்தறிய ஒரு வீட்டின் அனுபவத்துக்கு வழியில்லை. எட்டுச் சரக்கில் வாயுவைத் தணிக்கும் குணம் சிலவற்றுக்கு இருக்கலாம். ஆனால் வசம்பின் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுக்கட்டி உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அந்தப் பொருள் மிகுந்திருப்பது இந்திய வகை வசம்பில்தான். ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். கல்லில் இழுக்கும் உரையின் எண்ணிக்கை, கையின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் அளவு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அங்கன்வாடியிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இன்று சொல்வதற்கு இவை காரணங்கள். தவிர, கல்லிலும் சங்கிலும் ஒட்டும் கிருமி வேறு இருக்கிறது.

வழக்கம் கைவிட்டது, ஒரு வயதுக்குப் பிறகும் கக்கல் நிற்காத சில பிள்ளைகளைத்தான். கணக்கில் அவர்கள் குறைவு என்பதால் பாட்டி வைத்தியத்தில் அவர்களுக்கெனப் பெயர் பிறக்கவில்லை. நோஞ்சான், தோஷம் பிடித்த பிள்ளை, தொக்கம் விழுந்த பிள்ளை என்று அவர்கள் வேறு பெயர்களுக்குள் போனார்கள். இவர்களில் ஒரு சிறு பிரிவினர் இணைப்புத்திசு நோய் உள்ளவர்கள்.

உடலின் உறுப்புகளைத் தாங்கியும் பிணைத்தும் வைத்திருக்கும் திசுவில் வரும் நோய்கள் இரு வகை. ஒன்று பிறவியிலேயே அந்தத் திசு தளர்ந்திருப்பது. 1896இல் பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் மார்ஃபான் விவரித்த நோயும், ஏலர்ஸ், டான்லோஸ் என்ற இருவரின் பெயரால் வழங்கும் நோயும் இவ்வகை. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், தோல் இழுபடும். உதரவிதானத்தில் உணவுக்குழாயைப் பிடித்து நிறுத்தும் கட்டும் தளர்வதால் இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறிவிடலாம். அப்போது அமிலத்தைத் தடுக்கும் வலு அங்கே குறைந்துவிடும். மற்றது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் திசுவைத் தாக்குவது. குழந்தைகளுக்கு வரும் ஸ்க்ளீரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயில், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தசை மெலிந்து, நாராகிப்போகும். விழுங்கியதைக் கீழே தள்ளவும் வலுவிராது, ஏறி வருவதைத் தடுக்கவும் வலுவிராது. டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சியில் தொல்லை தொண்டைப் பக்கமே தொடங்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அதில் அதிகம்.

ஸ்க்ளீரோடெர்மாவின் முதல் அடையாளம் பெரும்பாலும் விரலில் தெரியும். குளிர் பட்டதும் விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும். ஆண்டு முழுதும் இதமான கோவைத் தட்பவெப்பத்தில் அது கண்ணில் படாமலே போகக்கூடும். மார்கழி விடியலிலோ ஊட்டிப் பயணத்திலோதான் வெளிப்படும். அதே பிள்ளை சோறு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் முதலில் எழும் பெயர் தொக்கம். ஊதி, நீவி, வாந்தி வரவைக்கும் கைமுறை, வலுவிழந்த உணவுக்குழாய் உள்ள பிள்ளைக்கு வாந்தியை நுரையீரலுக்குள் அனுப்பிவிடும்.

கோவையில் கடந்த கால் நூற்றாண்டில் வயிறு, குடல் மருத்துவத்துக்கென்றே மருத்துவமனைகள் எழுந்தன, சி. பழனிவேலு நிறுவிய ஜெம் மருத்துவமனை அவற்றில் பெயர்பெற்றது. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்கவும், அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்று ஒருநாள் முழுதும் அளக்கவும், தசையின் அழுத்தத்தைக் கணக்கிடவும் இன்று ஊரிலேயே வழி இருக்கிறது. ஆனால் இந்தக் குழந்தைகளின் வைத்தியத்தில் சிக்கல்கள் உண்டு. விரல் வெளுப்பைக் குறைக்கக் கொடுக்கும் நிஃபெடிபின், இரத்தக் குழாயைத் தளர்த்துவதோடு இரைப்பை வாயில் தசையையும் தளர்த்துவதால் எதுக்களிப்பைக் கூட்டும். மூட்டு வலிக்கான மாத்திரைகள் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்ட முறைப்படி இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் அறுவை, மற்றக் குழந்தைகளுக்குப் பலன் தரும். தள்ளும் வலுவே இல்லாத உணவுக்குழாயில் அது விழுங்குவதையே அடைத்துவிடலாம். ஆகவே தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, சிறிது சிறிதாகப் பல வேளை உணவு, உறங்கப் போகுமுன் வெறும் வயிறு, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மருந்து, அடிப்படை நோய்க்கான எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்து என்று நீண்ட காலம் நடத்துவதே பெரும்பாலும் நடைமுறை. ஸ்க்ளீரோடெர்மாவில் நுரையீரலும் தழும்பேறக்கூடும் என்பதால், ஏறி வரும் அமிலம் அதை மோசமாக்குகிறதா என்று அறிய மூச்சுச் சோதனையும் இடையிடையே செய்கிறார்கள்.